படுக்காமல் நிற்கும் கன்று

வாசகர் கேள்வி: இறைச்சிக்காக வளர்த்து விற்க, நான்கு பண்ணைகளிலிருந்து 24 காளைக்கன்றுகளை வாங்கி ஒரே லாரியில் ஏற்றி வந்தேன். பால்குடி மறக்கடித்த கையோடு கொடுத்துவிட்டார்கள். வந்த ஆறாம் நாள் மூன்றுக்கு இருமலும் மூக்கொழுகலும் தொடங்கியது. தானாகச் சரியாகிவிடும் என்று இரண்டு நாள் விட்டுவைத்தேன். அப்புறம் கைவசம் இருந்த ஆன்டிபயாட்டிக்கையும் காய்ச்சல் ஊசியையும் ஒருநாள் போட்டேன். மறுநாளே மூன்றும் தீனியில் வாய் வைத்ததால் நிறுத்திக்கொண்டேன். ஒன்று தேறிவிட்டது. ஒன்று நான்காம் நாள் செத்துப்போனது. இன்னொன்று மறுபடியும் சுணங்கிவிட்டது, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. எந்த ஊசி போட்டால் கேட்கும்? மற்றவற்றுக்கும் பரவுமா? அடுத்த வாரம் காயடிக்க ஆள் சொல்லி வைத்திருக்கிறேன், செய்யலாமா? மருந்து போடாமல் வளர்த்தது என்று சொல்லி விற்கத்தான் வாங்கினேன், அது இனி முடியுமா? மூன்று நாளாக இந்தக் கன்று படுக்கவே இல்லை, நின்றபடியே இருக்கிறது.

அன்புள்ள வாசகருக்கு,

போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. நல்ல நிலையில் இருக்கும் மாடு ஒரு நாளில் 10, 12 மணி நேரம் படுத்துக் கிடக்கும். படுத்து அசை போடுவது அதற்குத் தீனியைப் போலவே அவசியம். அப்படிப்பட்ட விலங்கு மூன்று நாளாக நிற்கிறதென்றால், படுத்தால் அதற்கு மூச்சு முட்டுகிறது. அருகில் போய்ப் பாருங்கள்: முன்னங்கால்களின் மேல்மூட்டை உடம்பிலிருந்து அகற்றி வைத்திருக்கும், கழுத்தை முன்னால் நீட்டியிருக்கும், மூச்சை வெளியே விடும்போது சின்னதாக ஒரு முனகல் வரும். நெஞ்சுக்கூட்டை எப்படியாவது இன்னும் கொஞ்சம் விரிக்கப் பார்க்கிறது. ஆகவே இந்தப் பதிலை முழுவதும் படித்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடலாம் என்று இருக்காதீர்கள். இப்போதே கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் மிச்சத்தைப் படிக்கலாம்.

"சளிதானே" என்ற சொல்தான் இந்த நோயில் நிறையக் கன்றுகளைக் கொல்கிறது. உங்கள் கன்றுகளுக்கு வந்திருப்பது, நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், நிமோனியா. லாரிப் பயணத்துக்குப் பின் வருவதால் இதற்கு ஆங்கிலத்தில் 'ஷிப்பிங் ஃபீவர்' என்றே பெயர். தாயைப் பிரிந்த ஏக்கம், பயணம், வழியில் தண்ணீரும் தீனியும் இல்லாத மணிநேரங்கள், முன்பின் தெரியாத கன்றுகளோடு ஒரே அடைப்பு என்று எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழும்போது உடம்பின் எதிர்ப்புச் சக்தி சரிந்துவிடும். நான்கு பண்ணைக் கன்றுகள் சேரும்போது நான்கு பண்ணை வைரஸ்களும் சேர்கின்றன. ஐபிஆர், ஆர்எஸ்வி, பாராஇன்ஃப்ளுயன்சா 3, பிவிடி என்று அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. இவை மூச்சுக்குழாயின் உட்பூச்சைக் கெடுக்கின்றன. அழுக்கை மேலே தள்ளும் நுண்மயிர்கள் வேலை செய்யாமல் போனதும், அதுவரை மூக்கிலும் தொண்டையிலும் சாதுவாகக் குடியிருந்த பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் இறங்குகின்றன. இதற்கு ஐந்தாறு நாள் ஆகும். உங்களுக்கு ஆறாம் நாள் இருமல் கேட்டது தற்செயல் இல்லை.

இறங்கும் பாக்டீரியாக்களில் முக்கியமானது மன்ஹைமியா. இது சுரக்கும் நச்சு, தன்னைத் தாக்க வரும் வெள்ளணுக்களையே உடைத்துவிடும். உடைந்த வெள்ளணுக்களிலிருந்து கொட்டும் நொதிகள் சுற்றியுள்ள நுரையீரலை அரிக்கின்றன. கிருமி செய்யும் சேதம் பாதி என்றால், உடம்பு பதிலுக்குக் கிளப்பும் அழற்சி மீதிப் பாதியைச் செய்கிறது. மாட்டின் நுரையீரலோ அதன் உடம்புக்குச் சிறியது. குதிரைக்கு இருப்பது போன்ற உபரி அதற்குக் கிடையாது. போதாக்குறைக்கு, மாட்டின் நுரையீரல் சின்னச் சின்ன அறைகளாகத் தடுக்கப்பட்டது. ஓர் அறைக்குப் போகும் குழாய் அடைத்துக்கொண்டால் பக்கத்து அறையிலிருந்து காற்று கசிந்து வர வழியில்லை. அந்த அறை அப்படியே வேலையற்றுப் போகும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். உங்களுடையதைப் போலவே புதிதாக வந்த கன்று, 41 டிகிரி செல்சியஸ் காய்ச்சல். ஆன்டிபயாட்டிக்கும் காய்ச்சல் மருந்தும் போட்டேன். மறுநாள் காலை காய்ச்சல் இல்லை, தீனித் தொட்டியில் தலை இருந்தது. உரிமையாளரிடம் "தேறிவிட்டது, இனி நான் வர வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான்காம் நாள் அதை அறுத்துப் பார்க்கும்படி ஆயிற்று. நுரையீரலின் பின்பக்கம் இளஞ்சிவப்பாக, பஞ்சு போல இருந்தது. முன்பக்கமும் அடிப்பக்கமும் கருஞ்சிவப்பு, தொட்டால் ஈரல் போலக் கெட்டி. மேலே மஞ்சளாக ஒரு படலம், நெஞ்சுக்கூட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு துண்டு வெட்டித் தண்ணீர் வாளியில் போட்டேன். பின்பக்கத் துண்டு மிதந்தது. முன்பக்கத் துண்டு கல்லைப் போல அடிக்குப் போய்விட்டது. அந்தக் கன்று மறுநாள் தீனி தின்றது வலியும் காய்ச்சலும் தணிந்ததால்தான். கிருமி அங்கேயேதான் இருந்தது.

உங்கள் விஷயத்திலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். காய்ச்சல் ஊசி போட்ட மறுநாள் கன்று தீனியில் வாய் வைத்தால் அதை ஆன்டிபயாட்டிக்கின் வெற்றியாகக் கணக்கெழுதக் கூடாது. அதற்காகக் காய்ச்சல் ஊசியே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அது இன்னும் பெரிய தவறு. நுரையீரலைச் சுற்றியுள்ள உறை அழன்றுபோனால் ஒவ்வொரு மூச்சும் குத்தும். அந்த முனகல் அதனால்தான். மெலோக்சிகாம் போன்ற வலி, அழற்சி மருந்து ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்து போகும்போது காய்ச்சல் சீக்கிரம் இறங்கும், வலி குறையும், கன்று தண்ணீர் குடிக்கும், தீனி எடுக்கும். என்னைப் பொறுத்தவரை வலி மருந்து இல்லாத நிமோனியா சிகிச்சை அரைச் சிகிச்சை. கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், ஒரே தடவை என்பது மாடுகளில் மெலோக்சிகாம் ஊசியின் வழக்கமான அளவு. ஃப்ளூனிக்சினும் நல்ல மருந்துதான், ஆனால் அதை ரத்தக்குழாயில்தான் போட வேண்டும், சதையில் போட்டால் சதை புண்ணாகும், இறைச்சியில் மருந்தும் அதிக நாள் தங்கும். டைக்ளோஃபெனாக் பக்கமே போகாதீர்கள். அது ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்த கதை தெற்காசியாவில் நடந்தது. ஸ்டீராய்டு ஊசியும் வேண்டாம். மந்திரம் போட்டதுபோல ஒருநாள் எழுந்து நிற்கும், எதிர்ப்புச் சக்தியோ தரைமட்டமாகும்.

சரி, எந்த ஆன்டிபயாட்டிக்? நீங்கள் போட்ட மருந்தின் பெயரைக் கடிதத்தில் எழுதவில்லை. இது முக்கியம், ஏனென்றால் ஒருநாளோடு நிறுத்தியது தவறா இல்லையா என்பதே மருந்தைப் பொறுத்தது. துலாத்ரோமைசின் போன்ற சில மருந்துகள் ஒரே ஊசியில் பல நாள் நுரையீரலில் தங்கி வேலை செய்யும். சிலவற்றை தினமும், மூன்று முதல் ஐந்து நாள் போட வேண்டும். ஃப்ளோர்ஃபெனிகால் சதையில் போட்டால் 48 மணி நேரம் கழித்து இரண்டாவது ஊசி உண்டு. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி கூடச் சேர்ந்திருந்தால் பென்சிலின் வகையோ செஃப்டியோஃபரோ போட்டுப் பயனில்லை. அந்த மருந்துகள் கிருமியின் செல்சுவரைத் தாக்குபவை, இந்தக் கிருமிக்குச் செல்சுவரே கிடையாது. ஆகவே பாதிப் பாட்டில் மிச்சமிருக்கிறது என்று அதையே மறுபடி ஏற்றாதீர்கள். பாட்டிலை அப்படியே எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். முடிந்தால் இன்னும் மருந்து போடாத, புதிதாகக் காய்ச்சல் கண்ட ஒரு கன்றின் மூக்கில் ஆழமாகப் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த கன்றுகளுக்கு என்ன மருந்து கேட்கும் என்று அது சொல்லும். இறந்த கன்றை அறுத்துப் பார்த்திருந்தால் பாதிப் பதில் அன்றைக்கே கிடைத்திருக்கும். இனி ஏதாவது இறந்தால் புதைப்பதற்கு முன் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மருந்து பற்றி இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். எடையைக் கண்ணளவில் குறைத்துப் போடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. 200 கிலோ கன்றுக்கு 150 கிலோ அளவு மருந்து போட்டால் கிருமிக்குப் பயிற்சி கொடுத்ததாகத்தான் ஆகும். ஊசியைக் கழுத்தில் போடுங்கள், தொடையில் வேண்டாம். ஓர் இடத்தில் 10 மில்லிக்கு மேல் ஏற்றவும் வேண்டாம். தில்மிகோசின் என்ற மருந்தை யாராவது கொடுத்தால் நீங்களே போடாதீர்கள். கன்று உதறும்போது தவறி உங்கள் கையில் குத்திக்கொண்டால் இதயத்தைத் தாக்கும், மாற்று மருந்து கிடையாது, மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அப்புறம், வாயைப் பிளந்து கஷாயமோ எண்ணெயோ ஊற்றுவது. மூச்சு வாங்கும் கன்றுக்கு விழுங்கவும் மூச்சு விடவும் ஒரே நேரத்தில் முடியாது. ஊற்றியதில் கொஞ்சம் நேராக நுரையீரலுக்குப் போகும். அங்கே மிச்சமிருக்கும் நல்ல பகுதியையும் அது கெடுக்கும்.

மருத்துவர் வரும்வரை அந்தக் கன்றை ஓட்டாதீர்கள், கட்டி இழுக்காதீர்கள். வாய் திறந்து மூச்சு வாங்கும் கன்றை ஊசிக்காக விரட்டிப் பிடித்தால் அந்த ஓட்டத்திலேயே செத்துப்போகலாம். மாடு உடம்புச் சூட்டை வியர்வையால் மட்டுமல்ல, மூச்சு வழியாகவும் வெளியேற்றுகிறது. அந்த வழியே அடைபட்டிருக்கும்போது வெயில் இரட்டைச் சுமை. நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், காய்ந்த மெத்தையான படுக்கை போட்டு, தண்ணீரை அதன் மூக்குக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள். தொட்டிவரை பத்து அடி நடக்க வேண்டும் என்றால் தாகத்தோடு நின்றுவிடும். நல்ல காய்ந்த புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள், ஊறிப்போனதை எடுத்துவிடுங்கள். மற்ற கன்றுகள் முட்டித் தள்ளாதபடி தனியாக வைக்கலாம், ஆனால் கண்ணுக்கெட்டாத தனிமை வேண்டாம். மாடு கூட்டத்து விலங்கு, தனியாக அடைத்தால் அதுவே ஒரு பயம். தேறிய கன்றை அதனோடு துணைக்கு விடலாம், அதையும் எப்படியும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அடுத்து, மீதி 21 கன்றுகள். பரவுமா என்றால், பரவும். மூக்கோடு மூக்கு உரசும்போதும் இருமும்போதும் பரவும். ஆனால் பக்கத்துக் கன்று இருமியதால் மட்டும் ஒன்று நோயில் விழுந்துவிடாது, அதுவும் அதே லாரியில் அதே அலைச்சலோடு வந்தது என்பதால்தான் விழுகிறது. வந்த முதல் சில வாரங்கள்தான் கண்டம். இங்கே பெரிய சிக்கல், மாடு நோயை மறைக்கும். வேட்டையாடப்படும் விலங்கு அது, பலவீனத்தைக் காட்டினால் புலிக்கு இரை என்று அதன் ரத்தத்தில் எழுதியிருக்கிறது. நீங்கள் கொட்டிலுக்குள் நுழைந்ததும் நோயாளிக் கன்றும் காதை நிமிர்த்திக்கொள்ளும். 1996 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 469 காயடித்த காளைகளைப் பிறந்ததிலிருந்து வெட்டும்வரை கவனித்தார்கள். அவற்றில் 35 சதவீதத்துக்குத்தான் மூச்சுநோய் என்று மருந்து போட்டிருந்தார்கள். வெட்டிய பிறகு பார்த்தால் 72 சதவீதத்தின் நுரையீரலில் நோயின் தடம். மூச்சுநோய்க்கு ஒரு ஊசிகூடப் போடாதவற்றிலும் 68 சதவீதம். தினமும் மாட்டைப் பார்ப்பதே வேலையாக இருந்தவர்களின் கண்ணிலிருந்தும் இவ்வளவு தப்பியிருக்கிறது.

அதனால் உள்ளே நுழையும் முன், வெளியே கொஞ்சம் தள்ளி ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். தீனி போட்டதும் யார் கடைசியாக வருகிறார்கள், யார் வரவே இல்லை, யாருடைய காது தொங்குகிறது, யாருடைய விலா ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். இருமலுக்காகக் காத்திருக்க வேண்டாம், முதலில் குறைவது தீனிதான். சந்தேகப்பட்ட கன்றின் விலாப்பக்கத்தைப் பார்த்து அரை நிமிடம் மூச்சை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஓய்வாக நிற்கும் கன்றுக்கு நிமிடத்துக்கு 40ஐத் தாண்டினால் கவலைப்படலாம். வெயில் ஏறிய பிறகு எண்ணிப் பயனில்லை, விடியற்காலையில் எண்ணுங்கள். பிறகு தெர்மாமீட்டர். ஆசனவாயில் வைக்கும்போது அதன் நுனி சாணத்துக்குள் குத்தி நிற்காமல் குடல்சுவரில் படும்படி சாய்த்துப் பிடியுங்கள். 38 முதல் 39.3 டிகிரி வரை இயல்பு. விடியற்காலையில் 40 இருந்தால், இருமல் இல்லாவிட்டாலும் அது நோயாளிதான். முதல் நாளில் போடும் ஊசிக்கும் மூன்றாம் நாளில் போடும் அதே ஊசிக்கும் பலன் வேறு வேறு. நீங்கள் காத்திருந்த இரண்டு நாளில்தான் நுரையீரலில் அந்தக் கெட்டிப்பு பரவியிருக்கும்.

21 கன்றுக்கும் ஒரேயடியாக ஆன்டிபயாட்டிக் போட்டுவிடலாமா என்று மருத்துவர் யோசிக்கக்கூடும். தினமும் இரண்டு மூன்று புதிதாக நோயில் விழுந்தால் அதில் நியாயம் உண்டு, பல கன்றுகள் அவதிப்படாமல் தப்பும். ஒன்றும் புதிதாக இல்லை என்றால், காலையில் தெர்மாமீட்டரோடு நிற்பதே மேல் என்பேன். நோயில்லாத கன்றுக்கெல்லாம் மருந்தேற்றி, மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்துக்கொள்வானேன்? நேரில் பார்ப்பவர் முடிவெடுக்கட்டும்.

காயடிப்பதைத் தள்ளிப்போடுங்கள். கொம்பு சுடுவது, நெடுநேரம் பிடித்துக் கட்டிவைப்பது எதுவும் இந்த மாதம் வேண்டாம். வந்த கையோடு காயடித்த கன்றுகளுக்கு நிமோனியா அதிகம் வருகிறது. எல்லாம் அடங்கி, தீனி நன்றாக எடுக்க ஆரம்பித்த பிறகு, அதுவும் மரத்துப்போகும் ஊசியும் வலி மருந்தும் போட்டுச் செய்யுங்கள். அப்புறம் கொட்டிலில் ஒரு சோதனை: கன்று படுத்திருக்கும் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கண் எரிந்தால் அதற்கும் எரிகிறது. சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா, கெட்டுப்போன மூச்சுக்குழாயை மேலும் கெடுக்கும். படுக்கையை மாற்றுங்கள், மேலே காற்று வெளியேற வழி விடுங்கள். தூசி பறக்கும் தீனியை நனைத்து வையுங்கள்.

"மருந்து போடாமல் வளர்த்தது" என்ற பெயர் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். மருந்து தேவைப்படாதபடி வளர்ப்பது நல்ல விஷயம். தேவைப்படும்போது கொடுக்காமல் வைத்திருப்பதற்கு வேறு பெயர் உண்டு. உங்கள் கடிதத்தில் அந்த இரண்டு நாள் தாமதத்துக்குக் காரணம் இதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மருந்து ஏறிய கன்றுகளுக்குக் காதில் அடையாளம் போட்டு, தேதி, மருந்து, அளவு எழுதி, அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மருந்தின் உறையில் இறைச்சிக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். மருந்துக்கு மருந்து அது மாறும், ஒன்றுக்குச் சில நாள், இன்னொன்றுக்கு ஒரு மாதத்துக்கு மேல். அந்த நாள் கழிந்த பிறகு மற்றவற்றைப் போல விற்கலாம். ஊசி போடாத கன்றுகள் உங்கள் கணக்கில் அப்படியே இருக்கும். ஆனால் மூச்சு வாங்கும் இந்தக் கன்றை, போகிறவரை போகட்டும் என்று வெட்டுக்கு அனுப்பும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். நிற்கவே போராடும் விலங்கை வண்டியில் ஏற்றக் கூடாது, மருந்து உடம்பில் இருக்கும்போது அதன் இறைச்சியும் ஆகாது.

இந்தக் கன்று பிழைக்குமா? வாய் திறந்து மூச்சு வாங்கும் கட்டத்தில் நான் வாக்குக் கொடுப்பதில்லை. மருத்துவர் புது மருந்து தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்க வேண்டும், மூச்சு எண்ணிக்கை குறைய வேண்டும், முக்கியமாக அது படுக்க வேண்டும். மருந்தின் வேலை முடியும் காலத்துக்குள் அவசரப்பட்டு மாற்றவும் கூடாது, அது முடிந்தும் அசையாமல் இருந்தால் சும்மா விடவும் கூடாது. இரண்டு மூன்று விதமான மருந்து பார்த்தும் எலும்பு தெரிய இளைத்து, கெட்டிப்பட்ட நுரையீரலோடு நிற்கும் கன்றுகள் சில உண்டு. அவை வளரா. மூச்சுக்குத் தவிக்கும் உணர்வு வலியைவிடக் கொடியது. அந்த நிலையில் "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்பது நம் மன ஆறுதலுக்காக அதை வதைப்பது. வலியில்லாமல் முடித்துவைக்க மருத்துவரிடம் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. மயக்க மருந்தால் முடித்த உடலை நாயோ பறவையோ தொடாதபடி ஆழமாகப் புதைக்க வேண்டும், அதைத் தின்றால் அவையும் சாகும்.

அடுத்த தடவை வாங்கும்போது, தாயைப் பிரித்து 45 நாளாவது ஆன, தொட்டியில் தின்னப் பழகிய, லாரி ஏறுவதற்குச் சில வாரம் முன்பே தடுப்பூசி போட்ட கன்றுகளாகக் கேளுங்கள். ஒரே பண்ணையிலிருந்து குறைவாக வாங்குவது, நான்கு பண்ணையிலிருந்து நிறைய வாங்குவதைவிட மேல். அதையெல்லாம் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

இப்போது ஒரு தாளை எடுத்து, கன்று வந்த தேதி, முதல் இருமல் கேட்ட நாள், போட்ட ஊசிகளின் பெயர், எத்தனை மில்லி, இன்றைய காய்ச்சல், அரை நிமிட மூச்சு எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். மருத்துவர் வந்ததும் முதலில் இதைத்தான் கேட்பார். இரவு ஒருமுறை டார்ச் எடுத்துக்கொண்டு போய், வெளிச்சத்தை முகத்தில் அடிக்காமல், அது படுத்திருக்கிறதா என்று பாருங்கள். படுத்திருந்தால் எழுப்பாமல் திரும்பி வந்து, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று அதே தாளில் குறித்துவிடுங்கள்.